மலைமேல் இருபது பேர்

திருப்பாடுகளின் மரியா: வரலாற்றுத் தொடர், பகுதி 7

இதுவரை:

நாந்த் நகரத்துப் பிரபுக் குடும்பத்துப் பெண் எலேன் த ஷப்பொத்தேன். பிறந்தது 1839 மே 21. பதினேழு வயது நிரம்பும் முன்பே, ஒரு ஞான ஒடுக்கத்தின்போது துறவுக்கு அழைப்பு வந்ததை உணர்ந்தவர். தாயாரின் எதிர்பாராத மரணத்தால் அது தள்ளிப்போனது. 1860 டிசம்பரில் புனித கிளாரா சபையின் மடத்துக்குள் போனார். கடும் நோய் அவரை அங்கிருந்து வெளியே அனுப்பியது. 1864-ல் துலூஸ் நகரில் பரிகார மரியன்னை சபையில் சேர்ந்தார். ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில் துறவு உடையும் புதுப் பெயரும் கிடைத்தன: திருப்பாடுகளின் மரியா. அடுத்த மார்ச்சிலேயே, நவதுறவியாக இருக்கும்போதே, தமிழ் மண்ணில் இருந்த மதுரை மிஷனுக்கு அனுப்பப்பட்டார்.

இனி...

✦

ஒரு வரைபடத்தை மனத்தில் விரித்துக்கொள்ளுங்கள்.

இன்றைய தமிழ்நாட்டில் திருச்சியிலிருந்து ஊட்டிக்கு ஒரு பகலில் போய்விடலாம். 1876-ல் வழி வேறு. திருச்சியில் ரயில் ஏறி ஈரோடு, அங்கிருந்து போத்தனூர், பிறகு மேட்டுப்பாளையம். மேட்டுப்பாளையம் வரை தண்டவாளம் வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மலை ரயில் இல்லை; அது குன்னூரை எட்டவே 1899 ஆனது. மலையடிவாரத்தில் இறங்கியவர்கள் வண்டி பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் மாடும் குதிரையும் மூச்சு வாங்க, ஏழாயிரம் அடிக்கு மேல் ஏறவேண்டும்.

ஆனால் இந்தக் கதைக்கு முக்கியமானது அந்தத் தூரமோ ஏற்றமோ அல்ல. திருச்சிக்கும் ஊட்டிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடியது.

அன்றைய கத்தோலிக்கத் திருச்சபை தமிழ்நாட்டைப் பல ஆட்சிப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தது. காவிரிக் கரையிலிருந்து தெற்கே குமரிமுனைப் பக்கம் வரை மதுரை அப்போஸ்தலிக்க விகாரியேட். ‘மதுரை மிஷன்’ என்று படிக்கும்போது மீனாட்சியம்மன் கோயில் ஊரை மட்டும் நினைத்துவிடக் கூடாது. திருச்சி, திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைகள் எல்லாம் அதற்குள் அடக்கம். அதைக் கவனித்தவர்கள் சேசு சபைக் குருக்கள், அதிலும் பிரான்ஸின் துலூஸ் மாகாணத்தார். ஆயர் அலெக்சிஸ் கனோஸ் 1847 முதல் அதன் தலைவர். எலேன் துலூஸ் நகரத்தில் மடம் புகுந்ததும், சில மாதங்களில் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்ததும் ஒரே நூலில் கோத்த மணிகள்.

மேற்கே கோயம்புத்தூர் விகாரியேட் தனி. 1850 முதல் தனித்து நின்ற பகுதி அது. அங்கே இருந்தவர்கள் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்கள். வேறு சபை, வேறு ஆயர், வேறு நடைமுறை. நீலகிரி இந்தக் கோவைப் பகுதியைச் சேர்ந்தது.

அந்தக் கோடு மட்டும் அங்கே இல்லாதிருந்தால், இன்று இத்தொடருக்கே இடமிருந்திருக்காது.

✦

கொஞ்சம் பின்னால் போவோம்.

திருப்பாடுகளின் மரியா இந்தியாவுக்கு வந்தது 1865-ல். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் நாலரை ஆண்டுக்கு மேல் இருந்தது. 1866 மே 3 அன்று இங்கேயே தற்காலிக வார்த்தைப்பாடு கொடுத்தார். பழைய திருவழிபாட்டு நாள்காட்டியில் அது திருச்சிலுவை கண்டெடுக்கப்பட்ட திருநாள். திருப்பாடுகளைப் பெயரிலேயே சுமந்த பெண்ணுக்கு, சிலுவையின் நாளில் வார்த்தைப்பாடு.

அதன்பின் நடந்ததைப் பல சுருக்க வரலாறுகள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகின்றன. நாம் நிதானிப்போம்.

முதலில் ஒரு மடத்தின் தலைவியாக நியமிக்கப்பட்டார். 1867 ஜூலையில், சபைக்கு இங்கே இருந்த மூன்று மடங்களுக்கும் சேர்த்து மாகாணத் தலைவி. அப்போது அவருக்கு வயது 28. முதல் வார்த்தைப்பாடு கொடுத்து பதினான்கு மாதம். தமிழ்நாட்டில் கால் வைத்து இரண்டே ஆண்டு. இன்றைய எந்தத் துறவற சபையிலும் இதை நினைத்துப் பார்க்க முடியாது. அன்றைக்கும் இது அரிது.

ஏன் அவரைத் தேர்ந்தார்கள்? அவருடைய ஆற்றல் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த மடங்களில் ஏற்கெனவே மன இறுக்கம் இருந்தது. யாராவது ஒருவர் அமைதியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. இளம் தலைவி அதைச் செய்துகாட்டினார். மடங்களில் ஒழுங்கும் பக்தியும் திரும்பின, பணிகள் வளர்ந்தன. உள்நாட்டுப் பெண்களைக் கொண்ட ஒரு துறவற சபையைப் பயிற்றுவித்து வளர்க்கும் பொறுப்பும் இந்தப் பிரெஞ்சுக் கன்னியரிடம் விடப்பட்டிருந்தது. தமிழ்ப் பெண்கள் துறவு வாழ்க்கைக்கு உருவான அந்தத் தொடக்க காலத்தில் இவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் 1867-ல் தணிந்தது தீ மட்டும்தான். கங்கு அப்படியே இருந்தது.

✦

அந்தக் கங்கு எது?

பரிகார மரியன்னை சபையின் உயிர்மூச்சு நற்கருணை ஆராதனை. உலகத்தின் பாவங்களுக்குப் பரிகாரமாக, மரியாவோடு சேர்ந்து, நற்கருணைக்கு முன் முழந்தாளில் இருப்பது. ஞான ஒடுக்கங்கள் நடத்துவது. ஐரோப்பிய நகரங்களின் அமைதியான சிற்றாலயங்களுக்காக வகுக்கப்பட்ட வாழ்க்கை முறை அது.

அதே சபை தமிழ்நாட்டுக்கு வந்தபோது, இங்கே காத்திருந்தது வேறு உலகம். அநாதைக் குழந்தைகள், எழுத்தறியாத பெண்கள், கற்பிக்கவேண்டிய ஞான உபதேசம், உருவாக்கவேண்டிய உள்நாட்டுக் கன்னியர். ஒரு மணி நேரம் ஆராதனையில் இருக்கும்போது வாசலில் பிள்ளை அழுதால் எழுந்து போகலாமா? சபையின் ஒழுங்கு ஒன்று சொல்லும். மிஷனின் தேவை வேறொன்று சொல்லும்.

இதோடு இரண்டு தலைமைகள். கன்னியர் ஐரோப்பாவில் இருந்த தங்கள் பொதுத் தலைவிக்குக் கீழ்ப்படிய வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். ஆனால் அன்றாடம் அவர்கள் வேலை செய்தது மதுரை மிஷனின் ஆயருக்கும் சேசு சபைக் குருக்களுக்கும் உட்பட்ட மண்ணில். ஒரு சிக்கல் எழுந்தால் ஐரோப்பாவுக்குக் கடிதம் போக வாரக்கணக்கு, பதில் வர மறுபடியும் வாரக்கணக்கு. பதில் கைக்கு வரும்போது சிக்கலின் முகமே மாறியிருக்கும். இங்கே நடப்பதை அங்கே இருப்பவர் யார் எழுதிய கடிதத்தின் வழியாகத் தெரிந்துகொண்டார் என்பதைப் பொறுத்து அங்கே தீர்ப்பும் மாறும்.

இந்த அமைப்பில் எவ்வளவு நல்லவர்களை வைத்தாலும் உரசல் வந்தே தீரும் என்பது என் கணிப்பு. இந்தக் கதையை எழுதியவர்களில் பலர் ஒரு பக்கத்தை வெள்ளையாகவும் மறுபக்கத்தைக் கறுப்பாகவும் தீட்டியிருக்கிறார்கள். படித்துக்கொண்டே போகும்போது எனக்குத் தெரிந்தது வேறு. எல்லாரும் கடவுளுக்காகத்தான் பேசினார்கள். அதனால்தான் யாராலும் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

✦

1874.

மாகாணத் தலைவியின் காலத்தில் நான்காவதாக ஒரு மடம் தொடங்கப்படுகிறது. இடம், உதகமண்டலம்.

சென்னை மாகாண அரசு கோடையைக் கழிக்கும் ஊர். வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்கள், குளிர், மூடுபனி. புதிய மடம் ஏனைய மூன்று மடங்களுக்கும் தங்கை போலத்தான் பிறந்தது. அதே சபை, அதே ஒழுங்கு, அதே தலைவி.

ஒரே ஒரு வேறுபாடு. அது கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கோவை விகாரியேட்டில். அங்கே அதே 1874-ல்தான் ஆயர் ஜோசப் பார்து பொறுப்புக்கு வந்திருந்தார்.

இந்த மடத்தைத் தொடங்கும்போது, இரண்டே ஆண்டில் அது ஒரு புகலிடம் ஆகும் என்று யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. ஒரு பெண் தன் வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து ஊரில் எதற்கோ ஒரு சின்னக் குடிசையும் போட்டு வைப்பாள். வெள்ளம் வரும் நாளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடிசைக்குத்தான் ஓடுவாள். உதகமண்டல மடத்தின் கதை அப்படிப்பட்டது.

✦

1876. தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது வருஷம்.

இந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் நம் பாட்டன் பூட்டன்மார் நெஞ்சில் கைவைப்பார்கள். பருவமழை பொய்த்தது. ஆறு, குளம், கிணறு வறண்டன. கஞ்சித் தொட்டிகளைத் தேடி ஊர் ஊராக மக்கள் நடந்தார்கள். 1878 வரை நீண்டு, தென்னிந்தியாவில் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோன பெரும் பஞ்சம் அந்த ஆண்டில்தான் வாய் திறந்தது. கோயம்புத்தூர்ச் சீமையும் அதற்குத் தப்பவில்லை.

மதுரை மிஷனின் மடங்களுக்குள்ளே, அதே ஆண்டில், வேறொரு வறட்சி முற்றியது. பிணக்குகள் இனி பேசித் தீர்க்க முடியாத கட்டத்துக்குப் போயின.

அங்கேதான் அந்த முடிவு வருகிறது.

பரிகார மரியன்னை சபையைவிட்டு விலகுவது.

இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எளிதாகக் கடந்துவிடாதீர்கள். வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகிற காரியம் இல்லை இது. துறவறத்தில் கீழ்ப்படிதல் ஒரு வார்த்தைப்பாடு. கடவுளின் முன்னிலையில் கொடுத்த சொல். தலைவியின் வாக்கில் கடவுளின் விருப்பத்தைக் கேட்கப் பழகிய பெண்கள் இவர்கள். காலையில் எழுவதும், உண்பதும், பேசாதிருப்பதும் கீழ்ப்படிதலால் நடந்தன. அப்படி வாழ்ந்தவர்கள் தங்கள் தாய்ச் சபையைவிட்டு வெளியே கால் வைப்பது, தங்களையே இரண்டாகக் கிழிப்பதற்குச் சமம்.

வெளியே வந்தால் என்ன கிடைக்கும்? பிறந்த வீடு கடலுக்கு அப்பால். கையில் காசு இல்லை. ஊர் என்ன பேசும் என்பது தெரிந்ததே. மடத்தைவிட்டு வந்தவள் என்ற சொல் எந்த நாட்டிலும் ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் வாழ்நாள் முழுக்க நடந்து வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரோம் என்ன சொல்லும்? இவர்கள் சொல்வதைக் கேட்குமா, அல்லது கீழ்ப்படியாதவர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுமா?

எல்லாம் தெரிந்தும் விலகினார்கள்.

இருபது பேர்.

✦

இந்த எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

சபை நிறுவியவர்களின் வரலாறுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே முகத்தைச் சுற்றி எழுதப்படுகின்றன. அருளாளர் திருப்பாடுகளின் மரியா சபையை நிறுவினார் என்கிறோம். அது சரிதான். ஆனால் 1876-ல் நடந்ததை உற்றுப் பார்த்தால், அவர் ஒருவராக எதையும் நிறுவ முடிந்திருக்காது என்பது விளங்கும். தனியாக அவர் மட்டும் விலகியிருந்தால், மாகாணத் தலைவி ஒருத்தி மனக்கசப்பில் போய்விட்டாள் என்று ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும் கதை. அவரையும் சேர்த்து இருபது பெண்கள் நின்றதால்தான் அது புறக்கணிக்க முடியாத ஒன்றாக ஆனது.

அந்த இருபது பேரில் ஒவ்வொருத்திக்கும் ஓர் இரவு இருந்திருக்கும். சிற்றாலயத்தில், எரியும் விளக்குக்கு முன், போவதா இருப்பதா என்று தனக்குள் மல்லுக்கட்டிய இரவு. அந்த இரவுகளைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை. நம் பாராட்டு தலைவிக்குப் போகிறது. என் மனம் அந்த இருபது பேரிடம் போய் நிற்கிறது.

பின்னே தங்கியவர்களையும் மறக்கக் கூடாது. நேற்று வரை ஒரே மேசையில் உண்டவர்கள், ஒரே ஆலயத்தில் ஒரே ஜெபத்தைச் சொன்னவர்கள். இருப்பதும் ஒரு தீர்மானமே. கொடுத்த வார்த்தையில் நிற்பது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். அதற்கும் கண்ணீர் உண்டு.

✦

கடலுக்கு அப்பால் இன்னொரு பெண்ணுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

எமிலி தூல்த்ரமோன். பெல்ஜியத்துப் பிரபுக் குடும்பத்தவர். 1818-ல் பிறந்தவர். மணமாகி, நான்கு குழந்தைகளுக்குத் தாயாகி, முப்பது வயதுக்குள் விதவையானவர். 1857-ல் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் பரிகார மரியன்னை சபையைத் தொடங்கியவர் அவரே. இந்தப் பிரிவு நடக்கும்போது அவர் உயிரோடு இருந்தார். தன் கையால் தொடங்கிய சபையிலிருந்து, தொலைதூர இந்தியாவில், இருபது மகள்கள் ஒரே நேரத்தில் போய்விட்டார்கள். ஒரு தாய்க்கு இது எப்படி இருந்திருக்கும்? 1878 பிப்ரவரியில் அவர் இறந்தார்.

இங்கே வரலாறு ஒரு காரியம் செய்திருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எமிலி தூல்த்ரமோன் 1997-ல் அருளாளராக உயர்த்தப்பட்டார். அவருடைய சபையைவிட்டு விலகிய திருப்பாடுகளின் மரியா 2002 அக்டோபர் 20-ல் அருளாளராக உயர்த்தப்பட்டார். இருவரையும் உயர்த்தியவர் ஒரே திருத்தந்தை, இரண்டாம் ஜான் பால். பிரிவின் இரு கரையிலும் நின்ற இரண்டு பெண்களையும் திருச்சபை பீடத்தில் ஏற்றி வணங்குகிறது. 1876-ல் யார் சொன்னது சரி, யார் சொன்னது தவறு என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதிலை நான் எங்கும் தேடப்போவதில்லை.

✦

உதகமண்டலம்.

இருபது பேரும் மலைமேல் அந்த ஒரே மடத்தில் சேர்ந்தார்கள். மதுரை மிஷனின் வெயிலில் ஆண்டுக்கணக்கில் பழகிய உடம்புகள், நீலகிரியின் குளிருக்குள். அன்று அந்த மடம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஒரு பெரிய பாதுகாப்பு இருந்தது: கோட்டைத் தாண்டியாகிவிட்டது. இனி அவர்கள் கோவை ஆயரின் ஆட்சிக்குள்.

ஆயர் பார்து அவர்களை ஏற்றுக்கொண்டார்.

இதையும் எளிய செயலாக எண்ணிவிட முடியாது. அண்டை விகாரியேட்டில் பிணங்கி வந்தவர்களுக்கு இடம் கொடுப்பது என்றால், அங்கே இருக்கும் ஆயரோடும் குருக்களோடும் முகம் கோணவேண்டி வரலாம். ரோமிலிருந்து கேள்வி வரலாம். தன் சொந்த மக்கள் பஞ்சத்தில் விழுந்துகொண்டிருக்கும் ஆண்டு. பொறுப்புக்கு வந்தே இரண்டு ஆண்டுதான். கதவைச் சாத்தியிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சாத்தவில்லை. 1903 வரை அவர் கோவை ஆயராக இருந்தார். தம் நிழலில் ஒதுங்கிய அந்தச் சிறு கூட்டம் உலகின் பல கண்டங்களுக்குப் பரவியதைக் கண்ணால் பார்க்கும் பேறு அவருக்குக் கிடைத்தது.

ஆனாலும் ஆயரின் நிழல் போதாது. இருபது பேரின் நிலை அந்தரத்தில் தொங்கியது. விட்டுவந்த சபைக்கு அவர்கள் உறுப்பினர் அல்லர். வேறு எந்தச் சபைக்கும் உறுப்பினர் அல்லர். துறவிகளாக வாழ்கிறார்கள், ஆனால் எந்தச் சபையின் துறவிகள் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தரக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று.

1876 நவம்பரில் திருப்பாடுகளின் மரியா ரோமுக்குப் புறப்பட்டார்.

✦

பதினோரு ஆண்டுக்கு முன் நவதுறவியாக இந்தக் கடலைக் கடந்தபோது அவருக்கு 25 வயது. கையில் சபையின் உத்தரவு இருந்தது. மேலே தலைவி இருந்தார். போகும் இடத்தில் மடம் காத்திருந்தது. இப்போது வயது 37. உத்தரவு இல்லை. தலைவி இல்லை. மலைமேல் காத்திருக்கும் சகோதரிகளின் எதிர்காலம் முழுவதும் அவர் சொல்லப்போகும் விளக்கத்தில் இருந்தது.

நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பயணத்தின் பாரம் புரியும்? நியாயம் கேட்கப் போகிறவரும் அவர்தான், குற்றம் சாட்டப்பட்டவரும் அவர்தான்.

ரோமும் அப்போது பழைய ரோமாக இல்லை. 1870-ல் இத்தாலியப் படைகள் நகரத்தைப் பிடித்த பிறகு, திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் வத்திக்கானைவிட்டு வெளியே வருவதையே நிறுத்தியிருந்தார். தன்னைக் கைதியாகவே கருதினார். வயது 84. ஆட்சி செய்த நாடுகளையெல்லாம் இழந்து, முதுமையில், நான்கு சுவர்களுக்குள் இருந்த மனிதர்.

மிஷன் நாடுகளின் விவகாரங்களைக் கவனித்தது விசுவாசப் பரப்புதல் பேராயம். ஸ்பானிய சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் அதன் மாளிகைக்கு உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் கடிதங்கள் வரும். சீனாவிலிருந்து வரும், ஆப்பிரிக்காவிலிருந்து வரும், மதுரையிலிருந்தும் வரும். கர்தினால் அலெஸாந்த்ரோ ஃபிராங்கி அப்போது அதன் தலைவர்.

அந்த அலுவலகத்தில், உதகமண்டலத்துக் கன்னியரின் காரியத்துக்கு மூன்று விதமான முடிவு இருந்திருக்க முடியும். திரும்பிப் போங்கள் என்று கட்டளையிடலாம். கலைந்து அவரவர் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லலாம். ஏற்கெனவே இருக்கும் வேறொரு சபையில் சேர்த்துவிடலாம். நிர்வாகம் செய்கிறவர்களுக்கு இந்த மூன்றுமே எளிய வழிகள்.

டிசம்பர் போனது. கிறிஸ்து பிறப்பு விழா வந்து போனது. உதகமண்டலத்தில் உறைபனி விழும் மாதங்கள் அவை. காலையில் புல்வெளி வெள்ளையாக இருக்கும். கீழே சமவெளியில் பஞ்சம் இறுகிக்கொண்டே வந்தது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் பெரிய தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். பட்டினி கிடந்த தென்னாட்டின் பிள்ளைகளுக்கு அந்த அறிவிப்பில் ஒரு பிடி அரிசி இல்லை.

ஐந்து நாள் கழித்து, ஜனவரி 6. மூன்று ராசாக்கள் திருநாள். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தையைக் கண்டுகொண்ட நாள். இஸ்ரயேலுக்கு அப்பால் இருக்கும் மக்களுக்கெல்லாம் கிறிஸ்து வெளிப்பட்ட நாளாகத் திருச்சபை கொண்டாடுவது.

அன்று ஒன்பதாம் பயஸின் அனுமதி கிடைத்தது.

திரும்பிப் போங்கள் என்று அது சொல்லவில்லை. கலைந்து போங்கள் என்றும் சொல்லவில்லை. மறைபரப்புப் பணிக்கென்றே ஒரு புதிய பெண் துறவற சபையைத் தொடங்கலாம் என்றது. பெயர்: மரியாவின் மறைபரப்பாளர்கள்.

✦

கிளாரா மடத்திலிருந்து நோயால் திருப்பி அனுப்பப்பட்டவர். தான் சேர்ந்த சபையிலிருந்து விலக நேர்ந்தவர். சபை நிறுவ வேண்டும் என்று ஒருநாளும் புறப்படாதவர். கடைசியில் அவர் கையில் ஒரு சபை.

இந்தப் புதிய சபையின் பெயரில் பிரான்சிஸ் இன்னும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்று ‘எஃப்.எம்.எம். சிஸ்டர்ஸ்’ என்று ஊருக்கு ஊர் அறியப்படும் பிரான்சிஸ்கன் சகோதரிகள், அன்று பிரான்சிஸ்கன் அல்லர். அசிசியின் ஏழை மனிதர் அவர்கள் வாழ்க்கைக்குள் வர இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த வாசல் எப்படித் திறந்தது என்பதைப் பின்வரும் பகுதிகளில் பார்ப்போம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விலகியவர்கள் வெறுங்கையோடு விலகவில்லை. பரிகார மரியன்னை சபையில் கற்ற நற்கருணை ஆராதனையை அவர்கள் விட்டுவிடவில்லை. புதிய சபையின் நடுவிலும் அதையே வைத்தார்கள். அருகே மிஷன் பணியை வைத்தார்கள். முன்பு ஒன்றோடொன்று மோதிய இரண்டும் இப்போது ஒரே கூரைக்குக் கீழே. முழந்தாளில் இருந்தவள் எழுந்து போய், அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பிறகு மீண்டும் வந்து முழந்தாளிடலாம்.

உதகமண்டலத்தின் நாசரேத் கான்வென்ட்டை இன்றும் இந்தச் சபையின் தொட்டில் என்கிறார்கள். சென்னையில் 1947 ஆகஸ்ட் 15 அன்று ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கிய சகோதரிகள் இந்த இருபது பேரின் வழிவந்தவர்களே. அந்தக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய நம் வீட்டுப் பெண்கள், அவர்களுக்குக் கற்பித்த சபை நம் நீலகிரியில் பிறந்தது என்று அறிந்திருந்தால் மகிழ்ச்சி. அறியாதவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

✦

அனுமதி கிடைத்துவிட்டது. ஆட்கள்?

இருபது பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கு மறைபரப்பாளர்களை அனுப்ப முடியாது. ஐரோப்பாவில் ஒரு நவதுறவியர் இல்லம் தொடங்குங்கள் என்று விசுவாசப் பரப்புதல் பேராயம் ஆலோசனை சொன்னது. பிரான்ஸின் பிரத்தாஞ் கடற்கரைப் பகுதியில், சேன்-ப்ரியே நகரத்தில் அது தொடங்கியது. திருப்பாடுகளின் மரியா பிறந்த நாந்த் நகரமும் வரலாற்றின்படி அதே பிரத்தாஞ் மண்தான். உறுதியான விசுவாசமும் பெரிய குடும்பங்களும் கொண்ட பூமி அது. கடலுக்கு அப்பால் போகத் தயாராக இருந்த இளம் பெண்கள் வரத் தொடங்கினார்கள். சிலர் அல்ல, பலர்.

வெளியிலிருந்து பார்த்தால், புயல் ஓய்ந்துவிட்டது. ரோமின் அனுமதி இருக்கிறது. சபைக்குப் பெயர் இருக்கிறது. மடம் நிரம்புகிறது.

ஆனால் மதுரையில் மூண்ட பிணக்கு மலையடிவாரத்தோடு நின்றுவிடவில்லை. அது கப்பலேறிக் கடல் கடந்தது. ரோமுக்குப் போனது. மறைந்தே இருந்தது.

1883 மார்ச்சில், தான் நிறுவிய சபையின் தலைமைப் பொறுப்பிலிருந்தே திருப்பாடுகளின் மரியா நீக்கப்பட்டார்.

மூன்று ராசாக்கள் திருநாளில் கிடைத்த அனுமதிக்கும் அந்த மார்ச் மாதத்துக்கும் நடுவே ஆறே ஆண்டுகள். சபையைப் பெற்றெடுத்தவரையே அதன் வாசலுக்கு வெளியே நிறுத்தும் அளவுக்கு, அந்த ஆறு ஆண்டுகளில் யார், யாரிடம், என்ன சொன்னார்கள்?

(தொடரும்)